வீரபாகு வண்டியின் இடது சீட்டு

ஒரு கைப்பிடி கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, துணியில் வடிகட்டி, வீரபாகு அதைத் தம் காரின் ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஊற்றி முடித்து மூடியைத் திருகிவிட்டு, தோளில் கிடக்கும் துண்டால் காரின் முகத்தைத் துடைக்கிறார். கூழ் குடித்த பிள்ளைக்கு வாய் துடைத்துவிடுகிற அதே பக்குவம். ரேடியேட்டரில் எங்கோ ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. வண்டி சூடேறினால் மாவு வெந்துபோய் அந்த ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். ஊரில் மற்றவர்கள் கார் போனால் பெட்ரோல் வாசனை வரும். வீரபாகுவின் கார் போனால் பசி வரும்.

"கஞ்சியால ஆவாத வேல இன்னா இருக்குது சொல்லு" என்பது அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி. யாராவது பதில் சொல்லும்வரை நிற்கமாட்டார்.

அவர் குடியாத்தத்து நெசவாளி. குழித்தறியில் கால் இரண்டையும் பள்ளத்துக்குள் விட்டு உட்கார்ந்தால் மத்தியானம்வரை லுங்கி நெய்வார். மத்தியானத்துக்குமேல் கார். வீட்டின் பின்பக்கத்து மாட்டுக்கொட்டகையில் பாதி இடம் மாட்டுக்கு, பாதி இடம் வண்டிக்கு. நடுவே ஒரு மூங்கில் தட்டி. வண்டி பேபி ஆஸ்டின். பேருக்கேற்றபடி சின்னது. வீரபாகுவும் சின்ன ஆள்தான் என்பதால் இருவருக்கும் பொருத்தம்.

அது பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷெட்டில், தோல் பதனிடும் மரப்பட்டை போட்டு வைக்கும் கிடங்கின் மூலையில் கிடந்தது. ஓட்டிவந்த துரை சுதந்திரத்துக்கு முன்பே கப்பலேறிவிட்டார். சேதி கொண்டுவந்தவர் மக்பூல் அகமது. தோல் மண்டிக்காரர், வீரபாகுவோடு சின்ன வயதில் ஆற்றில் குதித்து விளையாடிய சிநேகிதர். "பாகு, ஒரு வண்டி கெடக்குதுடா. கோழி முட்ட வெச்சிக்கினு இருக்குது அதுல. எட்த்துக்கினு போனா போதும்ன்றாங்க" என்றார். மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மாடு இழுத்துக்கொண்டு வரும் காரைப் பார்க்கத் தெருவே திரண்டு நின்று சிரித்தது. வீரபாகு பின்னால் நடந்துவந்தார், கையில் இரண்டு கோழிமுட்டையோடு. அதுவும் வண்டியோடு வந்ததுதானாம்.

எஞ்சினைப் பிரித்த முறை முழுக்க அவருடையது. யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. ஒரு நட்டைக் கழற்றினால் உடனே நூலில் கோத்து ஒரு முடிச்சு. அடுத்ததைக் கழற்றினால் அதற்கடுத்த முடிச்சு. கார்புரேட்டருக்குச் சிவப்பு நூல், கியருக்குப் பச்சை, பிரேக்குக்கு மஞ்சள். வீட்டுச் சுவரெல்லாம் இரும்பு மாலை தொங்கியது. திரும்பப் பூட்டும்போது மாலையைக் கடைசியிலிருந்து அவிழ்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் பூட்டியபிறகு சிவப்பு நூலில் ஒரு திருகு மிச்சம் நின்றது. அது எங்கே போகவேண்டியது என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. வண்டியைக் கிளப்ப முன்னால் சுற்றும் ஹாண்டிலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். "அதும் வண்டியோடதானே, வண்டியோடவே இருக்கட்டும்."

தறியும் காரும் அவருக்கு வேறு வேறு அல்ல. நாலு சிலிண்டரை நாலு இழை என்பார். ஒரு சிலிண்டர் அடிக்காவிட்டால், "மூணாவது இழ அறுந்துட்ச்சி" என்று வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார். பழைய ஒயர்களின்மேல் பருத்தி நூல் பின்னியிருந்ததைக் கண்ட அன்று அவருக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தெருவில் ஒரு வீடு விடாமல் அந்த ஒயரைக் கொண்டுபோய்க் காட்டினார். "பாத்தியா, இரும்புக்கு நூல் சுத்தியிருக்கான். இத செஞ்ச வெள்ளக்காரன் நம்மாளுதான். அவங்க ஊர்ல எங்கியோ தறி போட்டவன்."

சீட்டுக்கான தோல் மக்பூல் கொடுத்தது. நல்ல கன்றுத்தோல், பழுப்பு நிறம். ஓட்டுகிறவர் உட்காரும் சீட்டு உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துப் போய்விட்டது. பின்சீட்டிலும் தெருப்பிள்ளைகள் ஏறி இறங்கிய சுருக்கங்கள் இருக்கின்றன. இடது பக்கத்து முன்சீட்டு மட்டும் பல வருஷமாகியும் அன்று தைத்ததுபோலப் புதுசாக இருந்தது. அதில் யாரையும் உட்கார விடமாட்டார். அது தேவகியின் சீட்டு. தேவகி அவர் மனைவி.

தேவகி அதில் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்தாள். வண்டி ஓட ஆரம்பித்த புதிதில், பள்ளிகொண்டாவில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கு இருவரும் போனார்கள். அவள் வெங்காய நிறப் பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். பள்ளிகொண்டாவுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றுவிட்டது. அவர் ஒரு பக்கம் தள்ள, அவள் ஒரு பக்கம் தள்ள, ஊருக்குள் நுழைகிற நேரம் பார்த்து ரங்கநாதர் கோயிலிலிருந்து அவள் அண்ணி எதிரே வந்தாள். அண்ணி சிரிக்கக்கூட இல்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னாள். சிரித்திருந்தால்கூட தேவகி மறந்திருப்பாள். புடவையில் முழங்காலுக்குக் கீழே அப்பிய கருப்பு கிரீஸ் போகவே இல்லை. அன்று பெட்டிக்குள் போன புடவையை அவள் அப்புறம் எடுத்துக் கட்டவும் இல்லை.

"தள்ளாம போயி, தள்ளாம ஊடு வந்து சேர்ற அன்னிக்கி ஏர்றேன்" என்றாள். "அதுவரைக்கும் அந்த சீட்டு உங்களுக்கும் உங்க வண்டிக்கும் இருக்கட்டும்."

அதற்குப் பிறகு வண்டி எத்தனையோ முறை தள்ளாமல் போய்த் தள்ளாமல் வந்தது. வீரபாகு வந்து சொன்னாலும் அவள் நம்பவில்லை.

"நான் கண்ணால பாக்கணும்."

"பாக்கணும்னா ஏறணுமேம்மா."

"ஏறினா தள்ளணுமே!"

இந்த வழக்குக்கு எந்தக் கோர்ட்டிலும் தீர்ப்பு கிடையாது. ஆனாலும் வண்டியைக் கிளப்புகிற ஒவ்வொரு முறையும் வீரபாகு இடது கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார். தேவகி கொட்டகை வாசலில் நின்று மாட்டிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவார். உலகத்தில் அவருக்கு வேறு குறை இல்லை. இந்த ஒன்றுதான், சாப்பாட்டில் கல் போலக் கடித்துக்கொண்டே இருந்தது.

அந்தத் தெருவைப் பற்றியும் சொல்லவேண்டும். விடிந்தால் அங்கே பாவு நீட்டுவார்கள். தறியில் நீளவாக்கில் ஓடவேண்டிய நூலைத் தெருவின் நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, குறுக்குக் கட்டைகள்மேல் நிறுத்தி, கஞ்சி பூசிக் காயவைப்பார்கள். ஈரம் உலரும்வரை அந்தத் தெருவில் எந்த மோட்டாரும் ஓடக்கூடாது. புகைக்கரியும் புழுதியும் ஈரக் கஞ்சியில் ஒட்டினால் ஒட்டியதுதான். சைக்கிள்காரர்கள்கூட இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போவார்கள். ஒரு சமயம் சர்க்கார் ஜீப் ஒன்று வந்து ஹாரன் அடித்தபோது, தெருமுனையில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்ற ஆள் வீரபாகு. தாமே கார் வைத்திருக்கிறவர் மறித்ததைப் பார்த்து டிரைவரும் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

நயா பைசா வந்த வருஷம், மக்பூலின் மகள் ஃபரீதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஆம்பூர். நிக்காஹ் முடிந்து பெண்ணை அழைத்துப்போகப் பெரிய தோல் ஷெட்டுக்காரரின் பெரிய காரை அனுப்புவதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள்.

"வேணான்ட்டேன்" என்றார் மக்பூல். "என் தோஸ்த்து வண்டிலதான் எம்பொண்ணு போவான்னு சொல்ட்டேன். நாலு பேரு முன்னாடி சொல்ட்டேன் பாகு. அப்புறம் பேஜார் பண்ணாத."

வீரபாகுவுக்குப் பெருமையாக இருந்தது. பயமும் வந்தது. வண்டியின் மேற்கூரை துணிக்கூரை. துரை காலத்துக் கித்தான் எப்போதோ எலிக்குப் போய்விட்டது. வெறும் கம்பி வளையங்கள்தான் இருந்தன. புதுப்பெண்ணைத் திறந்த வண்டியில் எப்படி அழைத்துப்போவது? கூரை வேண்டும், பக்கத்துக்குத் திரையும் வேண்டும்.

கித்தான் வாங்கலாம் என்றார் மக்பூல். வீரபாகுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நெசவுக்காரன் துணி வாங்கறதா?" தாமே நெய்தார். இரட்டை நூலில், கனமாக, சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்டு. கட்டம் போடாமல் அவருக்கு நெய்ய வராது. நெய்தபின் கூரை விறைப்பாக நிற்கவேண்டும் என்று கஞ்சியில் முக்கிக் காயவைத்தார். போதாது என்று இன்னொரு தடவை முக்கினார். கம்பிமேல் இழுத்துக் கட்டியபோது தட்டினால் தம்பட்டம்போலச் சத்தம் கேட்டது. பேபி ஆஸ்டின் லுங்கி கட்டிக்கொண்டு நின்றது. தெருவே வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கொட்டகையில் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற மாடும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் போய்ப் பார்த்தால் தட்டி சாய்ந்து கிடக்கிறது. மாடு அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. அதன் வாயோரத்தில் சிவப்பு நூல் ஒன்று தொங்குகிறது. கூரையில் கம்பியும், கம்பியைச் சுற்றித் தைத்திருந்த நாலு விரல் துணியும்தான் மிச்சம். இரண்டு முறை கஞ்சி குடித்த துணியை எந்த மாடு வேண்டாம் என்று சொல்லும்? துணிக்குக் கஞ்சி போடத் தெரியாத வேறு ஊர்க்காரன் யாராவது கூரை போட்டிருந்தால் இந்த ஆபத்தே வந்திருக்காது.

வீரபாகு தவிட்டுத் தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மக்பூலு நாலு பேரு முன்னாடி சொன்னானே தேவகி. அவன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

இந்த வண்டியின்மேல் அவளுக்கு எவ்வளவோ மனத்தாங்கல் இருந்தது. அந்த மனிதர் அழுவதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மாட்ட திட்றதா வண்டிய திட்றதான்னு அப்புறம் பாத்துக்கலாம். எயிந்திருங்க" என்று உள்ளே போனாள். தறியில் பாதி நெய்து சுருட்டியிருந்த லுங்கித் துணியைக் கத்தியால் அறுத்தாள். ஓடிக்கொண்டிருக்கும் தறியில் கத்தி வைக்க எந்த நெசவாளிக்கும் மனசு வராது. வீரபாகு வாசலில் நின்று பார்த்தார். அவள் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கஞ்சியெல்லாம் போக அலசி, ஈரத்தோடு கம்பிமேல் இழுத்துக் கட்டச் சொன்னாள். காயக் காயச் சுருங்கித் தானே இறுகிக்கொள்ளும். பக்கத்துத் திரைக்கு வீட்டில் துணி போதவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெட்டியைத் திறந்து வெங்காய நிறப் பட்டுப் புடவையை எடுத்துவந்து, கிரீஸ் பட்ட பக்கம் உள்ளே வரும்படி இருபுறமும் கட்டினாள்.

மத்தியானம் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் மக்பூலும் பஸ்ஸில் முன்னால் போனார்கள். ஃபரீதாவும் ஆம்பூரில் இருக்கும் அவள் அத்தை அன்வரி பேகமும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். இப்போது இன்னொரு சங்கடம். அவசரத்தில் கட்டிய கூரை. ஓடும்போது முன்பக்கம் காற்றில் தூக்கும். யாராவது ஒருவர் முன்சீட்டில் உட்கார்ந்து உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டே வரவேண்டும். ஃபரீதா பிறந்ததிலிருந்து பார்க்கிற பாகு மாமுவைத் தவிர வேறு ஆண்பிள்ளை அந்த வண்டியில் ஏறமுடியாது.

வீரபாகு வழக்கம்போல இடது கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். தேவகியைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவகி ஏறினாள்.

"ஃபரீதாவுக்காகத்தான் ஏர்றேன்" என்றாள். "போறப்பவோ வர்றப்பவோ எங்கியாவது தள்ற மாதிரி வெச்சீங்க, அப்புறம் இந்த ஜென்மத்துல இதுல கால வெக்கமாட்டேன்."

அந்தப் பிரயாணத்தை வீரபாகு ஓட்டினார் என்பதைவிட வேண்டிக்கொண்டே போனார் என்று சொல்லலாம். ஒரு காது எஞ்சினில், ஒரு காது தேவகியின் பக்கம். பள்ளிகொண்டாவுக்கு முன்னால் அந்தப் புளியமரம் வந்தது. இருவருமே அதைப் பார்க்காததுபோல இருந்தார்கள். வண்டி மரத்தைத் தாண்டியபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மாதனூர் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தினார். மூடியைத் திறந்ததும் குபுக்கென்று ஆவி வந்தது, கேழ்வரகுக் களி கிண்டிய வாசனையோடு. வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் தேம்பிக்கொண்டே வந்த ஃபரீதா பட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து, "மாமி, பசிக்குது" என்றாள். அன்வரி பேகம் முதலில் சிரித்தார். பிறகு ஃபரீதா. கூரையைப் பிடித்துக்கொண்டிருந்த தேவகி சிரித்த சிரிப்பில் கூரையே ஆடியது. வீரபாகு மட்டும் சிரிக்கவில்லை. அவர் சாலையோரக் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி ஊற்றி, ஹாண்டிலைச் சுற்றுவதற்குமுன் வண்டிக்குள் குனிந்து கேட்டார்:

"தேவகி, ஹாண்டில் போட்றது தள்றதுல சேராதே?"

தேவகி யோசித்தாள். "சேராது" என்றாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் ஆம்பூர் சேர்ந்தார்கள். மக்பூல் ஓடிவந்து வீரபாகுவைக் கட்டிக்கொண்டார். அப்படியே வண்டியையும் ஒரு தட்டுத் தட்டினார். பானெட் அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கையை உதறிக்கொண்டே சிரித்தார். வண்டியின் முன்விளக்கு அகல்விளக்குக்குத் தம்பி. அதனால் பொழுது சாய்ந்தால் வீரபாகு ஓட்டமாட்டார். இருவரும் அன்வரி பேகம் வீட்டில் தங்கிவிட்டு விடிகிற சமயம் புறப்பட்டார்கள்.

திரும்பி வரும்போது பேபி ஆஸ்டின் தங்கமாக வந்தது. நாலு இழையும் அறுபடாமல் ஓடின. தேவகி ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சீட்டின் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "மெத்துன்னுதான் இருக்குது" என்றாள், கேட்காமலே. வீரபாகுவுக்கு ஸ்டீரிங் வழுக்கியது, கை அவ்வளவு வேர்த்திருந்தது. குடியாத்தம் வந்துவிட்டது. கடைத்தெரு தாண்டியாயிற்று. இனி இவர்கள் தெருதான். தெருவுக்கு அந்தக் கோடியில் வீடு.

தெருமுனையில் திரும்பியவர் பிரேக்கை மிதித்தார். தெரு நெடுகப் பாவு நீண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தனகோடியின் பாவு. கஞ்சி பூசி இப்போதுதான் முடித்திருக்கிறார்கள். வெயிலில் வெள்ளை நூல் ஈரமாகப் பளபளத்தது. ஓரமாக ஒரு சின்ன வண்டி நுழைகிற அளவுக்கு வழி இருந்தது. எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் புகை விட்டுக்கொண்டு.

விஷயம் தெருவுக்கே தெரியும். தேவகி ஏறிப் போனதும், என்ன சொல்லிவிட்டு ஏறினாள் என்பதும். தனகோடியே கையைத் தூக்கிக் கூப்பிட்டார். "ஓட்டிக்கினு வா பாகு! ஓரமா மெல்ல வா. ஒரு நாளிக்கி இன்னா ஆய்டப்போவுது? நானே சொல்றேன், வா!"

நிஜமான மனசோடுதான் சொன்னார். வீட்டு வாசல் இங்கிருந்தே தெரிந்தது. வீரபாகு வாசலைப் பார்த்தார். பாவைப் பார்த்தார். ஒரு பொட்டுக் கரி அதில் ஒட்டினால் அது எத்தனை லுங்கிக்குள் கோடாக ஓடும் என்று அவருக்குச் சொல்லித் தரவேண்டுமா? தேவகியின் பக்கம் திரும்பவே இல்லை. கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தார்.

தெரு சட்டென்று அமைதியாயிற்று. அவர் இறங்கிப் பின்பக்கம் போனார். பெயின்டில் கை பதியாமல் இருக்கத் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்தார். இடது கதவு திறக்கும் சத்தத்துக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இத்தனை வருஷம் தாம் திறந்து வைத்த கதவு. இப்போது அவள் திறந்துகொண்டு இறங்கப்போகிறாள்.

கதவு திறக்கவில்லை.

சீட்டுத் தோல் கிரீச்சிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தார். தேவகி கூரையை விட்டுவிட்டுப் புடவையை ஒதுக்கிக்கொண்டு, கியர் தடியைத் தாண்டி, வலது பக்கம் அவருடைய சீட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். நகர்ந்து உட்கார்ந்து, முறத்தைப் பிடிப்பதுபோல ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? பாவு மேல படாம நான் திருப்பிக்கறேன். தள்ளுங்க."

வண்டி அசைந்தது. ஈர நூலை ஒட்டி மெல்ல உருண்டது. வீட்டு வாசல்களில் நின்ற பெண்களுக்கு நேரே வந்ததும், தேவகி ஒரு கையை எடுத்து ரப்பர் ஹாரனை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினாள்.